அண்ணன் வராததற்கு அக்கா சொன்ன காரணங்கள்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அனைவரும் அவரை ஏதோ ஒரு வகையில் அறிந்தவர்கள். அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள், அவர் தைத்துக் கொடுத்த ரவிக்கையை அணிந்தவர்கள். நான் அவருடைய தங்கை. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. நோயாளியைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது கண்டதைக் கண்ட வரிசையில் எழுத வேண்டும், காணாததைச் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இதே பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், ஊதுபத்தி உருட்டி விற்ற ஒரு சீனக் குடும்பத்தில். அவர்கள் கணக்குப்படி அது புலி வருடம். புலி வருடத்துப் பெண் தகப்பனுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஏற்கெனவே அந்த வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அதே சந்தின் முனையில் வாடகைக்கு இருந்தார். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயதில் ஒரு மகன். அவர்தான் எங்கள் அண்ணன். அவருக்குப் பின் பிறந்த பெண் குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துபோய், பால் கட்டிக்கொண்டு அம்மா காய்ச்சலில் கிடந்தார். அந்த வாரத்தில் ஊதுபத்திக்காரரின் மனைவி, பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துவந்து எங்கள் வாசலில் நின்றார். தெரிந்த அரைகுறை மலாயில், பெண், என்னிடம் பால் இல்லை, நீ எடுத்துக்கொள் என்றாராம். அடுத்த ஆண்டே அவர்கள் தைப்பிங் பக்கம் குடிபோய்விட்டார்கள். பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை.

உறவுக்காரர்கள் வந்து அம்மாவைக் கேட்டார்கள். "என்ன குலம், என்ன கோத்திரம்னு தெரியாம வீட்டுக்குள்ள எடுத்துட்டியே?"

"என் பாலக் குடிக்குது. அதுக்கு மேல என்ன குலம் வேணும் உங்களுக்கு?" என்றாராம் அம்மா.

அப்பா முறைப்படி பெயர் சூட்டினார். அம்மாவின் தம்பி நிபோங் திபாலிலிருந்து படகேறி வந்து, தாய்மாமனாக மடியில் வைத்துக் காது குத்தினார். அண்ணன் அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை நடப்பார். சந்துப் பிள்ளைகள் அக்காவின் கண்ணைப் பார்த்துக் கேலி செய்தால் கல்லை எடுத்துக்கொண்டு துரத்துவார். இவையெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தியவை. அம்மா சொல்லிக் கேட்டேன். அண்ணன் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நான் கண்டது முதல் அக்காவுக்குத் தமிழ் ஒன்றுதான் மொழி. சந்தையில் பேசும் பாசார் மலாய் கொஞ்சம் உண்டு. சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது. காலையில் வாசலில் கோலம், நெற்றியில் குங்குமம், வெள்ளிக்கிழமை தலைமுழுக்கு, எதிலும் குறை வைக்கமாட்டார். ஆனாலும் தெருவில் இறங்கினால் மீன்காரர் முதல் ரிக்‌ஷாக்காரர் வரை அவரிடம் சீனத்தில்தான் பேசுவார்கள். அக்கா மலாயில் பதில் சொன்னதும் முகம் சுருங்கும். கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய நம்மவர்களோ அவருக்குத் தமிழ் தெரியாது என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை பாசாரில் காய்கறிக் கூடைமுன் நின்றிருந்தோம். பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்:

"இந்தச் சீனத்தி புடவை கட்டியிருக்கிற லட்சணத்தப் பாரேன். பொம்மைக்குத் துணி சுத்துன மாதிரி இருக்கு."

அக்கா கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொம்மைக்கு இத்தனை முழம் வேணாம்க்கா. நீங்க கையில வெச்சிருக்கிற காயத் திருப்பிப் பாருங்க, அடியில சொத்தை."

அந்தப் பெண் காயைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். வீடு வரும் வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அக்காவும் சிரித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடிமுன் நின்று கொசுவத்தை அவிழ்த்து மறுபடி மடித்துக் கட்டினார். அன்று மட்டும் மூன்று தடவை கட்டினார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேடி அப்பா பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், பலகாரத்தைப் புகழ்ந்தார்கள், போனார்கள். கடைசியில் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்த அத்தான் வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பொண்ணுக்குப் படிக்கத் தெரியுமா?" தெரியும் என்றதும் சம்மதித்தார். இந்த மலரின் எழுத்துகளையும் அவரே கோத்திருக்கிறார்.

கல்யாணத்தில் மணப்பெண்ணின் கையில் பொரி இட வேண்டியவர் உடன்பிறந்தவர். அண்ணன் இட்டார். இடும்போது, "கொஞ்சமாப் போடுறேன், தின்னுடாத" என்று அக்காவின் காதில் சொன்னார். அக்கா தலைகுனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்தார். அக்காவின் பிறந்த வீட்டார் என்று அண்ணன் சபையில் நின்றது அன்று ஒருநாள்தான்.

மறு ஆண்டு, அப்பாவைப் போலவே துறைமுகத்தில் வேலையில் இருந்த அண்ணனுக்குப் பெண் பேசினார்கள். நல்ல குடும்பம், துணிக்கடை வைத்திருப்பவர்கள். அண்ணியின் தகப்பனார் தாம்பூலம் மாற்றுமுன் ஒரு நிபந்தனை சொன்னார். அண்ணன் தாய்மாமனாக நின்று சீர் செய்தால் அக்காவின் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகளுக்கு முறைப்பிள்ளைகள் ஆவார்கள். நாளைக்குக் கல்யாண முறை பேசுவார்கள். சீனப் பெண் வயிற்றுப் பிள்ளைக்கும் தம் பேரப்பிள்ளைக்கும் முறை இருக்கக் கூடாது. "ஆதரிங்க, சோறு போடுங்க, அது உங்க இஷ்டம். மாமன்னு சபையில நிக்கக் கூடாது." அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா குனிந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். அண்ணன் வாக்குக் கொடுத்தார். அந்த அறையில் அக்காவும் இருந்தார். தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

உதவி வேறு, முறை வேறு என்பதை அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அறிந்துகொண்டேன். அண்ணன் கல்நெஞ்சக்காரர் அல்லர். அத்தானுக்கு வேலை இல்லாதிருந்த மாதங்களில் அரிசி மூட்டையை வீட்டு வாசலில் இறக்கியவர் அவர். தாதிப் பயிற்சிக்கு என்னை அனுப்பக் கூடாது என்று உறவுக்காரர்கள் கூடிச் சொன்னபோது அக்காவோடு சேர்ந்து எனக்காகப் பேசியவரும் அவரே. அக்கா அன்று என்னிடம் சொன்னார்: "நீ போ. சம்பளத்துக்கு எந்தச் சீரும் தேவையில்ல." ஆனால் தட்டேந்தி வர வேண்டிய நாள்களில் அண்ணன் வரவில்லை. ஒவ்வொரு முறையும் சபையில் கேட்டவர்களுக்கு அக்காவே ஒரு காரணம் சொன்னார். எனக்கு நினைவில் உள்ளவற்றை எழுதுகிறேன்.

வளைகாப்பு: கப்பல் வந்துவிட்டது.

குழந்தைக்குப் பெயர் வைத்த நாள்: அண்ணிக்கு உடம்பு சரியில்லை.

அப்பாவும் அம்மாவும் இறந்தபின் வந்த பொங்கல் சீர்: தட்டு அனுப்பினார், கொண்டுவந்த ஆள் வீடு தெரியாமல் திரும்பிவிட்டான். (அக்கா ஏழு ஆண்டுகளாக அதே வீட்டில்தான் இருந்தார்.)

அத்தானின் தாயார் இறந்தபோது: மறுபடியும் கப்பல்.

மகளுக்குக் காது குத்தியது: அண்ணனுக்குக் காய்ச்சல்.

காது குத்து அன்று நான் கூட இருந்தேன். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமன் மடி எங்கம்மா?" என்று கேட்டார். "மாமாவுக்குக் காய்ச்சல்ங்க, எழுந்திரிக்க முடியல" என்று அக்கா சொன்னார். சொல்லும்போது குரலில் உண்மையான கவலை இருந்தது. கூட்டத்தில் ஒருவர் என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டார். குழந்தையை அத்தானே மடியில் வைத்துக்கொண்டார். அன்று மாலை நான் வேலைக்குப் போகும் வழியில் அண்ணனைத் துறைமுக வாசலில் பார்த்தேன். வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் கோபித்துக்கொண்டேன். "எதுக்கு அவருக்காகப் பொய் சொல்றீங்க?"

"அவருக்காகன்னு யார் சொன்னா? வரலன்னா எனக்கு அண்ணன் இல்லன்னு ஆயிரும். காய்ச்சல்னா அண்ணன் இருக்காரு, காய்ச்சல்ல கெடக்கிறாரு. எது நல்லது?"

ஒரு பெண் எந்த வீட்டுப் பெண் என்பதை அவள் குடித்த பாலோ பேசும் மொழியோ முடிவு செய்வதில்லை. எந்த நாளில் யார் எந்தத் தட்டை ஏந்தி வருகிறார்கள் என்பதைப் பார்த்து ஊர் முடிவு செய்கிறது. அக்கா இதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

சென்ற ஆண்டுக்கு முந்திய மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் தொடங்கியது. எடை குறைந்தது. மாலைக் காய்ச்சல் விடவில்லை. சளியில் இரத்தம் கண்ட அன்று சயரோகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வேறு வார்டில் வேலையில் இருந்தேன். மாலை போய்ப் பார்த்தபோது சீனப் பெண்கள் படுத்திருந்த வரிசையில் அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். கிண்ணத்தில் உப்பில்லாத கஞ்சியும் உப்பில் ஊறவைத்த கீரையும் இருந்தன. கட்டில் தலைமாட்டுச் சீட்டில் இனம் என்ற இடத்தில் சீனர் என்று எழுதியிருந்தது.

பதிவு எழுதும் கிராணியிடம் போனேன். அவரும் தமிழர்தான்.

"பேரப் பார்த்தீங்களா? தமிழ்ப் பேர்."

"பேரு நாளைக்கே மாத்திக்கலாம் மிஸ்ஸி. மொகத்தப் பார்த்துத்தான் எழுதச் சொல்லியிருக்கு."

"அவங்களுக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது."

"அதுக்கு நான் என்ன செய்யலாம்? படிக்கச் சொல்லுங்க லா" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சீட்டு மட்டும் மாறவில்லை.

அக்கா என்னைச் சமாதானப்படுத்தினார். "விடு தங்கச்சி. எழுதுற எடத்துலல்லாம் போய் நின்னு சண்டை போட முடியுமா?" பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனத்து அம்மையார் நாள் முழுதும் அக்காவிடம் பேசிக்கொண்டே இருப்பார். தம் பிள்ளைகளைப் பற்றியோ நோயைப் பற்றியோ, யாருக்குத் தெரியும். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்பார். அந்த அம்மையார் இறந்த அன்று அக்கா நாள் முழுவதும் சாப்பிடவில்லை. "என்ன சொன்னாங்கன்னே தெரியாமப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

இனி மருந்தால் பயனில்லை என்றானபின் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என்ன நடக்கும், எத்தனை வாரம் என்பது எனக்குத் தெரியும். அக்காவும் கேட்டுத் தெரிந்துகொண்டார். துணிகளைப் பிரித்து வைத்தார். தையல் மிஷினை யாருக்குக் கொடுப்பது என்று சொன்னார். மகளுக்குத் தலைவாரும்போது எந்தப் பக்கம் சிக்கு விழும் என்றுகூட எனக்குக் காட்டினார். எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் பகலில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. பிறந்த வீட்டுக் கோடி அண்ணன் கையால வரணும்."

சுமங்கலியாக இறக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வந்து, அதைப் போர்த்திய பிறகே எடுப்பது நம் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

"கேக்கிறேங்க்கா" என்றேன்.

"மத்த நாளெல்லாம் நானே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுட்டேன். அன்னைக்கு என்னால பேச முடியாது பாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அன்றே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடைசியாகப் பேசி முடித்தபோது அவர், "பார்க்கலாம்" என்றார். அதை அக்காவிடம் சொன்னேன். பத்து நாளில் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே சொல்லைத்தான் சொன்னேன். கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அக்காவின் மூச்சு நின்றது. நாடியை நானே பார்த்தேன்.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு முன்கூடத்தில் கிடத்தினோம். உடல் மெலிந்திருந்ததால் கொசுவம் நிற்கவில்லை. ஊசி குத்தி நிறுத்தினேன். பதினொரு மணிக்குள் எல்லாம் தயார். அத்தானின் பெரியம்மா காரியங்களை நடத்திக்கொண்டிருந்தார். "பிறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று கேட்டார். பன்னிரண்டுக்குக் கேட்டார். ஒரு மணிக்கும் கேட்டார்.

அண்ணன் வந்திருந்தார். வெளியே ஐந்தடி நடைபாதையில், தூணை ஒட்டி, துண்டை வாயில் பொத்தி நின்றிருந்தார். கை வெறுங்கையாக இருந்தது. அவர் கொண்டுவரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தே இருந்ததால் முந்திய வாரமே மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கரை வைத்த ஒரு புடவை வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"அண்ணே, நான் வாங்கியிருக்கேன். நீங்க கையில தொட்டுக் கொடுத்தாப் போதும்."

"கேக்காத தங்கச்சி."

"பத்தடிதான். உள்ள வந்துட்டுப் போயிருங்க."

"ரெண்டு பொண்ணு, ஒரு பையன் இருக்கான். பெரியவளுக்கு இப்பவே கல்யாணப் பேச்சு நடக்குது. இன்னைக்கு நான் அந்தத் துணியைத் தொட்டா நாளைக்கு அந்தப் பேச்சு நின்னுரும். வாக்குக் கொடுத்திருக்கேன்." பிறகு, "நான்தான் அவள மலைக்குத் தூக்கிட்டுப் போவேன்" என்றார். தூணின் பக்கம் திரும்பி அழுதார்.

நான் புடவையோடு உள்ளே வந்தேன். நானே போர்த்தலாமா என்று கேட்டேன். "பொண்ணு கையால பிறந்த வீட்டுக் கோடி வராதும்மா" என்றார் பெரியம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். பிறகு, கூடியிருந்த பெண்கள் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணன் ஏன் கொண்டாரலன்னு கேக்கிறவங்களுக்கு என்ன சொல்றது?"

கதவு திறந்திருந்தது. தூணும் அண்ணனின் முதுகும் எல்லோருக்கும் தெரிந்தன.

"அண்ணனுக்குக் காய்ச்சல்" என்றேன்.

பெரியம்மா வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காய்ச்சலா. சரி" என்றார். பிறகு உரக்கச் சொன்னார்: "அண்ணனுக்குக் காய்ச்சலாம். புகுந்த வீட்டுக் கோடியவே போட்டு எடுங்க."

அந்தப் புடவை என் பெட்டியில் இருக்கிறது. சாவுக்கு வாங்கியதை உயிரோடிருப்பவர் உடுத்தக் கூடாது. கடைக்காரரும் திருப்பி வாங்கமாட்டார்.

சென்ற மாதம் அக்காவின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்ட வேண்டும். ஓலையை அத்தான் பாலிக் புலாவிலிருந்து தாமே வாங்கி வந்தார். நீர் ஊற்ற வந்த பெண்கள் மாமன் எங்கே என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் ஓலைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "மாமாவுக்குக் காய்ச்சல்." யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்காவின் குரலில் இருந்த அதே கவலை அவள் குரலிலும் இருந்தது. முகமும் அக்காவின் முகம்தான்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணனிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. போட்டுரு. ஆனா நான் மாற முடியாது" என்றார். மாறுவார் என்று எண்ணி நான் எழுதவில்லை. இதைப் படிக்கும் நம்மவர்கள் மாறுவார்கள் என்றும் எண்ணவில்லை. அத்தான் எழுத்துக் கோத்துக் கொண்டுவந்த முதல் படியில், அக்கா பிறந்த குடும்பம் இன்னது என்ற இடத்தில் 'சீன' என்ற சொல் இல்லை. நான் கேட்கவில்லை. இரண்டாம் படியில் அவரே அதைச் சேர்த்திருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் என் முறை வேலையைத் தாங்கள் ஏற்றுக்கொண்ட சக தாதிகளுக்கும், தாளும் மையும் கொடுத்துதவிய அச்சகத்தாருக்கும், மூன்று நாள் அடுப்பேற்றாத எங்களுக்குச் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், மகளுக்கு ஓலை முடைந்து கொடுத்தவர்களுக்கும், அத்தானின் பெரியம்மாவுக்கும் எங்கள் நன்றி. பன்னிரண்டு நாள் அக்காவை வைத்திருந்து, பின் எங்களிடம் கொடுத்த அந்தத் தாய் எங்கிருந்தாலும் அவருக்கும் நன்றி.

அக்காவின் நோய்க்காலத்தில் எட்டு மாதம் தவறாமல் அரிசியும் பாலும் அனுப்பிய அண்ணனுக்கும் நன்றி கூறுகிறோம். அவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார். நான் தாதி. தெரிந்துதான் எழுதுகிறேன். அண்ணனுக்கு அன்று காய்ச்சல் இல்லை. எந்த நாளிலும் இருந்ததில்லை.